தாய்லாந்து வேலைன்னு கோயிலுக்கே ஏஜென்ட் வந்தா என்ன பண்ணணும்

பர்மாவுல ரங்கூன், தன்லியின், பெகு பக்கம் கோயில் கமிட்டி, சர்ச் வேலைன்னு ஓடுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். ஆள் புடிக்கிறவன் இப்பல்லாம் அன்னதான வரிசையில நம்ம கூடவே நிக்கிறான், நெத்தி நிறைய திருநீறோட வந்து "அக்கா, தம்பிக்கு பேங்காக்ல கம்ப்யூட்டர் வேலை இருக்கு"ன்றான், கோயில்ல பாத்த ஆளாச்சேன்னு வீட்டுல யாரும் கேள்வி கேக்குறதில்ல. பையன் கடைசில தாய்லாந்து எல்லைய ஒட்டி பர்மா பக்கம் இருக்குற மியாவடியில, கேகே பார்க்ங்கிற மோசடி வளாகம் மாதிரி இடத்துல ஆன்லைன் மோசடி பண்ண அடிபட்டுக்கிட்டு கெடக்குறான். இப்படி பர்மாவுல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர் சிக்கியிருக்கலாம்னு ஐநா 2023ல சொல்லுச்சு.

முதல்ல கோயில் மைக்ல வேலை அறிவிப்பே வேணாம். யாராச்சும் வேலைன்னு வந்தா ஏஜென்சி லைசென்ஸ், கம்பெனி பேர் சம்பளம் எல்லாம் இருக்குற ஒப்பந்தம், ரெண்டையும் கேளுங்க, போட்டோ எடுத்து வைங்க. வேலைக்கு போறவங்களுக்கு பிஜே பாஸ்போர்ட்டும் ஓவிக் கார்டும் (வெளிநாட்டு வேலைக்கான அடையாள அட்டை) வேணும், விசிட்டுக்கு குடுக்குற பிவி பாஸ்போர்ட்லயே போலாம் எல்லாம் பாத்துக்கலாம்னு சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. 2024ல கட்டாய ராணுவ சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து பயத்துல எந்த வழியா இருந்தாலும் பரவால்லன்னு கெளம்புற பசங்க நெறைய, அந்த பயம் ஏஜென்ட்டுக்கும் தெரியும்.

ஏஜென்ட் குடுக்குற முன்பணம்தான் ரொம்ப முக்கியமான விஷயம். நம்ம தாத்தாமார ஆள் புடிக்கிற மேஸ்திரி முன்பணம் குடுத்து கப்பல் ஏத்தி கொண்டாந்து ரங்கூன் அரிசி மில்லுல கடனாளியா வச்சிருந்தானே, அதே கணக்குதான் இது. வாடகை பாக்கி, ஆஸ்பத்திரி செலவுன்னு தவிக்கிற வீடு எதுன்னு கமிட்டிக்கு தெரியாமலா இருக்கும், திருவிழா பணத்துல கொஞ்சம் ஒதுக்கி வட்டியில்லாம குடுங்க, ஏஜென்ட் பணத்த நீட்டுறதுக்கு முன்னாடியே. 2014ல வாடிகன்ல போப் பிரான்சிஸ், மாதா அமிர்தானந்தமயி, புத்த பிக்குகள், முஸ்லிம் தலைவர்கள் எல்லாம் ஒண்ணா உக்காந்து மனுஷன அடிமையாக்குறதுக்கு எதிரா கையெழுத்து போட்டாங்க, நம்ம ஊர்ல அது நடக்கணும்னா இப்படித்தான் நடக்கணும்.

கெளம்புற புள்ளயோட பாஸ்போர்ட் காப்பி, ஏஜென்ட் நம்பர் ரெண்டும் கோயில் செக்ரட்டரிகிட்ட இருக்கட்டும். போன்ல புள்ள "மாமாவுக்கு சக்கரை எப்படி இருக்கு"ன்னு கேட்டா ஆபத்துன்னு அர்த்தம், இந்த மாதிரி ஒரு வார்த்தை வீட்டுல பேசி வைங்க, பக்கத்துல ஆள் நின்னாலும் கேக்கலாம்ல. தாய்லாந்துக்கு போற பாலத்த தாண்டாம மியாவடியிலயே "கொஞ்ச நாள் இங்க இரு"ன்னா ஆபத்துதான்.

தாய்லாந்து மண்ணுல இருந்தா 1300ங்கிற உதவி நம்பருக்கு போன் பண்ணலாம். போலீஸ்ல மாட்டினா முதல் விசாரணையிலயே ஏமாத்தி கொண்டு போனாங்க, அடிச்சாங்கன்னு சொல்லிடணும், இல்லன்னா வெறும் விசா கேஸா போயிடும். தானே சம்மதிச்சு போனவன்தானேன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ஏமாத்தி வாங்குன சம்மதம் சர்வதேச சட்டப்படி சம்மதமே இல்ல.

திரும்பி வந்தவங்கள சன்னதியில வச்சு என்னாச்சுன்னு விசாரிக்காதீங்க. வந்த அன்னைக்கே கடன்காரன் வாசல்ல நிப்பான், கமிட்டில ரெண்டு பேர் கூட நின்னு பேசி தவணை வாங்கி குடுங்க, இல்லன்னா அந்த கடனுக்காகவே மறுபடி வேற ஏஜென்ட்கிட்ட போயிடுவாங்க.