ரிக்கர்ஷன் பிடிபட்ட விதம்

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மா பீடி சுற்றுகிறார். நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில்தான் படித்தேன். கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்ததும் பாடத்தைவிட, அது ஆங்கிலத்தில் ஓடுகிற வேகம்தான் மிரட்டியது.

என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தைப் பாருங்கள் என்றார்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் அதைத் தொடங்கின, பாடங்கள் இலவசம். ஆனால் டேட்டா இலவசமில்லையே! அதனால் எடுத்ததும் வீடியோவுக்குப் போவதில்லை. பேச்சின் எழுத்து வடிவம் பிடிஎஃபாகக் கிடைத்தால் அதை முதலில் படித்துவிடுவேன். அப்புறம் 0.75 வேகத்தில் வீடியோ. ஏற்கெனவே படித்த வரி காதில் விழும்போது உச்சரிப்பும் சேர்ந்து பிடிபடுகிறது.

ரிக்கர்ஷன் (ஒரு நிரல் தன்னையே மறுபடி அழைப்பது) மட்டும் இதற்கும் மசியவில்லை. நிரல் ஓடுவதைப் படமாகக் காட்டும் பைதான் டியூட்டர் தளத்தில் ஃபேக்டோரியல் (4 என்றால் 4×3×2×1) நிரலை ஒட்டி, 4 கொடுத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. உள்ளே எண் 4, அடுத்ததில் 3, பிறகு 2, 1. கடைசிப் பெட்டி 1 என்று விடை சொன்னதும் 2, 6, 24 என்று மேலே திரும்பி வந்தது. அட, ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் எண் தனி! புத்தகத்தில் எத்தனை முறை படித்தும் இது எனக்கு உறைக்கவில்லை. ஜாவா, சி நிரல்களையும் அதில் இப்படி ஓட்டிப் பார்க்கலாம்.

சான்றிதழ் வேண்டுமென்றால் என்பிடெல் தேர்வுக்குப் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கல்லூரி அதற்குக் கிரெடிட் (பட்டத்தில் சேரும் புள்ளி) தந்தால் கட்டுங்கள், இல்லையென்றால் பாடம் மட்டும் போதும்.