கச்சத்தீவும் முல்லைப் பெரியாறும்: எதிர்த்தரப்பைப் படித்துவிட்டு விவாதிக்கும் முறை

பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு, எந்த வழக்கானாலும் இரண்டு அணிகள் பேசும், நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு ஊறிப்போயிருக்கிறது. அயலுறவுச் சிக்கலுக்கும் மாநிலங்களுக்கிடையிலான பூசலுக்கும் அது போதாது. வாசகர் வட்டத்திலோ கல்லூரி விவாதக் குழுவிலோ இத்தகைய பொருளை எடுப்பவர்கள், அணி பிரிக்கும் முன்பே சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை, தலைப்பைப் பிரிப்பது. ‘கச்சத்தீவை மீட்க வேண்டுமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு கட்சி மேடையாகிவிடும். 1974-இல் தீவு இலங்கைக்குச் சேர்ந்தது சட்டப்படி செல்லுமா, நம் மீனவர்களுக்கு அங்கே என்ன உரிமை மிஞ்சியது, தீவு திரும்பக் கிடைத்தால் கைதுகள் நிற்குமா என மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மேடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மூன்றாவதுதான். மீனவர் குடும்பத்துக்கு முதன்மையானதும் அதுதான் என்பேன்.

அடுத்து, ஆவணத்தை நேரடியாகப் படிக்க வேண்டும். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. மீன்பிடிப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆறாம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. தமிழ்நாட்டுத் தரப்பு ‘மரபுரிமை’யைப் பிடித்துக்கொள்கிறது; கொழும்பு 1976-ஐக் காட்டுகிறது. இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்று, மேற்கு வங்கத்துப் பெருபாரிப் பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குத் தரும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-இல் கூறிய கருத்து நம் பக்கத்து வாதம். கச்சத்தீவு உரிமை முடிவாகாத பகுதி, ஆகவே விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சே எழவில்லை என்பது மத்திய அரசின் மறுமொழி. இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பார்த்தால்தான் முரண்பாடு சட்டத்தில் இருக்கிறதா, தகவலில் இருக்கிறதா என்பது விளங்கும்.

பிறகு, அழைக்கப்படாதவர் யார் என்று தேட வேண்டும். யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்களே. கடலடியில் பெரிய வலையை இழுத்துச் செல்லும் நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் தங்கள் வலையை அறுத்து, கடலடியையும் வழித்துச் செல்கின்றன என்ற அவர்களது குறை நம் மேடைகளில் ஏறுவதே இல்லை. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டப்படி தடைசெய்தது. சர்வதேசக் கடல் எல்லைக்கோட்டை ஒட்டிய அந்தச் சிறு தீவு கைமாறினாலும் இந்தப் பகை தீராது என்பதால், இதைக் கேட்காமல் மூன்றாம் கேள்விக்கு விடை தேட முடியாது.

உள்நாட்டுப் பொருளுக்கு முல்லைப் பெரியாறு நல்ல பயிற்சி, ஏனெனில் கேரளத்துடனான இந்த வழக்கில் நாமே ஒரு தரப்பு. அந்த அணையின் தண்ணீர் வைகை வழியாக நம் வீட்டுக் குழாய்க்கும் மேலூர் வயலுக்கும் வருகிறது. 1886-ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகை, பலப்படுத்தும் பணிகள், நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த அனுமதித்த 2014 தீர்ப்பு ஆகியவற்றை நம்மவர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆகையால் மதுரைக்காரரையே, அணை இருக்கும் கேரளத்து இடுக்கி மாவட்டத்துக்காரராகப் பேச வையுங்கள்: 1895-இல் முடிந்த சுண்ணாம்புச் சுர்க்கி (செங்கல் தூள்) கட்டுமானத்தின் கீழே குடியிருப்பவரின் அச்சத்தையும், புதிய அணை வேண்டும் என்ற கோரிக்கையையும் ஐந்து நிமிடம் அவர் எடுத்துரைக்கட்டும். ‘என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற வாலை ஒட்டினால் நிறுத்தி, வாக்கியத்தை மீண்டும் சொல்லச் செய்யுங்கள். இந்த ஒரு கண்டிப்பு போதும். கிண்டல் தானே அடங்கும்.

கைதூக்கி வாக்கெடுக்க வேண்டாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தகவல்களையும் ஒப்புக்கொள்ளாதவற்றையும் நடுவர் தனித்தனியே வாசித்துக் காட்டட்டும். ஒப்புக்கொள்ளாத ஒவ்வொன்றுக்கும் மூல ஆவணம் தேடும் பொறுப்பை, அதை மறுத்தவரிடமே ஒப்படைத்துவிட்டு அமர்வை முடிக்கலாம்.