எம்.டி. சம்பளத் தகராறு: சர்வே ஆதாரங்களை எப்படி எழுதி வைப்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடும்பக் கம்பெனிகளில் பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வந்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "மில்லைப் பார்த்துக்கொள்கிற தம்பி மகன் இவ்வளவு சம்பளம் எடுக்கலாமா?" எடுப்பவர், வெளியே எம்.டி.களுக்கு (நிர்வாக இயக்குநர்களுக்கு) இதைவிட அதிகம் என்பார். மற்றவர்கள், இதில் பாதிகூட யாரும் தருவதில்லை என்பார்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு சம்பள சர்வேயை, அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று பல கம்பெனிகளில் கேட்டுத் திரட்டிய அறிக்கையை, நீட்டும். அது எந்தத் தேதி நிலவரம், எத்தனை கம்பெனி என்று கேட்டால் இரு தரப்பும் விழிக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் கம்பெனியில் எச்.ஆர். பார்ப்பவர்களும் இப்படிப்பட்ட தகராறுக்கு ஆதாரக் கோப்பைத் தயார் செய்யும் முறை கீழே.

படி 1: எந்தச் சம்பளம், எந்தச் சட்டம்

பப்ளிக் கம்பெனி என்றால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு ஓர் அளவுகோல் தருகிறது. இயக்குநர்கள், மேலாளர் எல்லோருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11%, ஒரே ஒரு எம்.டி. என்றால் அவருக்கு 5%. அந்த 5%-ஐத் தாண்ட வேண்டுமானால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். நம் பக்கத்துக் குடும்பக் கம்பெனிகள் பல பிரைவேட் லிமிடெட். இந்த உச்சவரம்பு அவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் 241-ஆம் பிரிவின்கீழ் (பங்குதாரர்களை நசுக்குவது, தவறான நிர்வாகம் பற்றிய புகார்) கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும், உறவினருக்கு அதிகம் கொடுத்ததாக வருமான வரித்துறை கேட்டாலும் (2025-26 வரையிலான நிதியாண்டுகளுக்கு 1961 சட்டத்தில் 40ஏ(2) பிரிவு), பேச்சு சந்தை நிலவரத்துக்கு வந்துவிடுகிறது.

கோப்பின் முதல் பக்கத்தில் தகராறுக்குரிய நிதியாண்டை எழுதுங்கள். மாதச் சம்பளம், கமிஷன், கார், வீட்டு வாடகை, பி.எஃப். எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். ஒரு சர்வே அடிப்படைச் சம்பளத்தைச் சொல்லும், இன்னொன்று மொத்த சி.டி.சி.யை (அவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் முழுச் செலவை) சொல்லும். இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

படி 2: பதவியை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

கொண்டுவிக்க (கடல் தாண்டித் தொழில் செய்ய) போன காலத்துக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்றால் யாருக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய 'எம்.டி.' அப்படி இல்லை. 80 கோடி விற்றுமுதல் உள்ள மில்லின் எம்.டி.யும் 2,000 கோடிக் குழுமத்தின் எம்.டி.யும் பெயரளவில்தான் ஒன்று. விற்றுமுதல், ஆட்கள் எண்ணிக்கை, வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்திருக்கிறாரா, பஞ்சு கொள்முதலை அவரே முடிவு செய்கிறாரா என்று அரைப் பக்கம் எழுதுங்கள். சர்வேயில் உள்ள வேலை விவரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி பொருந்தாவிட்டால் அந்த எண் உங்களுக்கு உதவாது.

படி 3: ஆதாரம் தேடும் இடங்கள்

செலவில்லாமல் கிடைப்பதில் நல்லது, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைதான். ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் ஊழியர்களின் மீடியன் சம்பளத்தைப்போல் (எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எத்தனை மடங்கு என்பதை அவர்கள் வெளியிட்டாக வேண்டும். ஆண்டுக்கு 1 கோடியே 2 லட்சத்துக்குக் குறையாமல் வாங்கும் ஊழியர்களின் பட்டியலும் உண்டு. அந்த இணைப்பைப் பல கம்பெனிகள் அறிக்கையோடு அனுப்புவதில்லை. பங்குதாரர் கம்பெனிச் செயலருக்கு எழுதிக் கேட்டால் தருவார்கள்.

ஏயான், மெர்சர் போன்ற ஆலோசனை நிறுவனங்களின் கட்டண சர்வேக்கள் (பணம் கட்டி வாங்குபவை) அடுத்தது. "இந்த ஆண்டு சராசரி உயர்வு இத்தனை சதவீதம்" என்று பத்திரிகையில் வருவது இன்கிரிமென்ட் கணக்கு மட்டுமே. எம்.டி.க்கு எவ்வளவு சம்பளம் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. இதைத்தான் புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஊழியர்கள் தாங்களே பதிவிடும் இணையதளங்களைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறிப்புச் சீட்டு

இதுதான் உண்மையான வேலை. எண்ணை எடுத்த அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு கற்பனை மாதிரி:

ஆதார எண்: 4
அறிக்கையின் முழுப்பெயர், வெளியிட்டவர், பதிப்பு ஆண்டு
சம்பள நிலவரத் தேதி: 1.4.2023 (வெளியான தேதி வேறு)
கலந்துகொண்ட கம்பெனிகள்: 42, இந்தப் பதவிக்கு எண் கொடுத்தவை: 11
விற்றுமுதல் வரம்பு: 50 முதல் 150 கோடி
எடுத்த எண்: மீடியன், 60 லட்சம், மொத்தச் சம்பளம்
பக்கம், அட்டவணை எண்
எடுத்தவர், எடுத்த நாள், கோப்பின் பெயர்

42-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அது. சராசரிக்குப் பதில் மீடியனை எடுங்கள். ஒரே ஒரு பெரிய சம்பளம் சராசரியை மேலே தூக்கிவிடும்.

படி 5: பழைய எண்ணைத் தகராறு ஆண்டுக்கு நகர்த்துவது

தகராறு 2024-25-க்கு என்றால், அந்த ஆண்டின் நடுநாள் 1.10.2024. மேலே உள்ள சீட்டின் தேதியிலிருந்து 18 மாதம். ஆண்டுக்கு 9% உயர்வு என்று வைத்தால் நேர்க்கணக்கில் 68.10 லட்சம், கூட்டுவட்டி முறையில் சுமார் 68.28 லட்சம். வட்டிக் கணக்கை நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த முறை என்று எழுதி, எல்லா ஆதாரத்துக்கும் அதையே பின்பற்றுங்கள். அந்த 9% எங்கிருந்து வந்தது என்பதற்கும் தனிச் சீட்டு போடுங்கள். இன்கிரிமென்ட் சர்வே உதவும் இடம் இதுதான்.

படி 6: தள்ளியவற்றையும் எழுதுங்கள்

பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்ட சர்வேக்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். என்னைக் கேட்டால், முழுக் கோப்பிலும் அதிக மதிப்புள்ள பக்கம் இதுதான். "உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கினீர்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு வேறு பதில் கிடையாது. ஆனால் 'எண் அதிகமாக இருந்தது' என்பது காரணமல்ல. 'விற்றுமுதல் 1,000 கோடிக்கு மேல்' என்பது காரணம்.

படி 7: பத்திரப்படுத்துவது

இறக்கிய பி.டி.எஃப். கோப்பைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்து, குறிப்புகளை நகலில் எழுதுங்கள். இணையப் பக்கம் என்றால் முகவரியும் தேதியும் தெரியும்படி படம் பிடியுங்கள். கட்டண சர்வேயை வெளியாருக்குக் காட்ட ஒப்பந்தம் தடுக்கலாம். எழுத்துபூர்வ அனுமதி வாங்கிய பிறகே தாக்கல் செய்யுங்கள்.

1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் எண்ணையும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கேட்பார்கள். கோப்பை இறக்கிய அன்றே எஸ்.எச்.ஏ. 256 முறையில் அதை எடுத்து, சீட்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.