கறிவேப்பிலைப் புழுவை வளர்த்துப் பார்ப்பது எப்படி?

பிறர் நிலையை உணர்ந்து நடக்கச் சொல்லித் தருவதற்கு அறிவுரை அவ்வளவாக உதவுவதில்லை. பேசத் தெரியாத ஓர் உயிரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டால் அந்தப் பழக்கம் தானாக வரும். அதற்கு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியே போதும். எலுமிச்சை, நாரத்தை இலைகளில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் அதையும் தேடி வரும்.

கொழுந்து இலைகளைப் புரட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சளில், கடுகைவிடச் சிறிய உருண்டையாக, ஓர் இலைக்கு ஒன்றாக முட்டை ஒட்டியிருக்கும். பொரிந்து வரும் புழு பறவை எச்சம் போலவே தெரியும், அதனால்தான் பல வீடுகளில் அது கண்ணில் படுவதே இல்லை. நான்கு முறை தோலுரித்த பிறகே பச்சையாகிறது. நம்மூர் வெயிலில் முட்டைக்கு மூன்று முதல் ஐந்து நாள், புழுவுக்கு இரண்டு மூன்று வாரம், கூட்டுக்குப் பத்து நாள் அளவில் ஆகும். குளிர்ந்த மாதங்களில் இன்னும் நீளும்.

ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் மேற்பகுதியை அறுத்தெடுத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, வாயைக் கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். இலைக்கொத்தைத் தண்ணீருள்ள சின்ன மருந்து பாட்டிலில் செருகி, பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். பஞ்சு இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை கூடவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் அதில் பூச்சிமருந்து மிச்சமிருக்கலாம், இருந்தால் ஒரே நாளில்கூடப் புழு சுருண்டு செத்துவிடும். வேப்பெண்ணெய் தெளித்த செடியும் ஆகாது. எச்சத்தைத் தினமும் அகற்றுங்கள். ஈரம் தேங்கிப் பூசணம் பிடித்தால் புழுவுக்கு நோய் வரும்.

இனி நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘நினைத்தது’ என்று எழுதுங்கள். ‘காலையிலிருந்து ஒரே இடத்தில் இருக்கிறது, தின்னவில்லை’ என்பது இடப்பக்கம். ‘உடம்பு சரியில்லை போல’ என்பது வலப்பக்கம். இந்த முயற்சியின் உயிரே இந்தக் கோடுதான். ஏனென்றால் அந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தோலுரிப்பதற்கு முன் அது தின்பதை நிறுத்தி, இலையில் பட்டு நூல் பின்னி அதைக் கால்களால் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கும். பாவம் என்று புது இலைக்கு எடுத்து வைத்தால் அந்தப் பிடி விட்டுப்போய், பழைய தோல் கழலாமல் சிக்கிச் சாகும். அதே கோட்டை வீட்டிலும் போட்டுப் பாருங்கள்: ‘பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்’ என்பது கண்டது, ‘என் மேல் கோபம்’ என்பது நினைத்தது.

தொட்டால் புழுவின் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஆரஞ்சு அல்லது சிவப்புக் கொம்பு ஒன்று நீளும், கூடவே நெடி அடிக்கும். பிள்ளைகள் அதைக் குத்தி விளையாட ஆசைப்படுவார்கள். அது பயத்தில் செய்வது என்று ஒரு முறை விளக்கினால் போதும்.

நன்கு வளர்ந்த புழு ஒருநாள் தண்ணீராகக் கழிந்துவிட்டு கேன் முழுக்க அலையும். இது பேதி அல்ல, கூடு கட்ட இடம் தேடுகிறது. சாய்வாக இரண்டு குச்சிகளை வையுங்கள். இடுப்பில் ஒரு நூல் கட்டித் தலை மேலாகச் சாய்ந்து நின்று, மறுநாள் கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். நூல் அறுந்து விழுந்தால் சொரசொரப்பான தாளைக் கூம்பாகச் சுருட்டி, வால் கீழே இருக்கும்படி அதில் வைத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். தாள் வழவழப்பாக இருந்தால் வெளிவரும் பூச்சி ஏற முடியாமல் விழும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. யாரோ இரக்கப்பட்டுக் கூட்டை வெட்டிவிட்டாராம், போராடாமல் வந்த பூச்சியால் பறக்கவே முடியவில்லையாம். அந்தக் கதையில் இறக்கை விரிவது, குறுகிய வாசல் உடம்பை நெருக்கிப் பிழிவதால். உண்மை வேறு. பூச்சி சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும், சுருங்கிய இறக்கைகளுக்குள் அது உடல்நீரைப் பாய்ச்சுவது அதன் பிறகுதான். கூட்டை வெட்டக் கூடாது என்பது சரி, ஆனால் இறக்கை விரியப் போராட்டம் தேவையில்லை. தொங்குவதற்குப் பிடிமானமும், கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெற்றிடமும்தான் தேவை. இரண்டும் இல்லாவிட்டால் இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. துன்பப்படுகிறவரைப் பார்த்து ‘கஷ்டப்பட்டால்தான் பலம் வரும்’ என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு அந்தக் கதை நல்ல சாக்காகிவிட்டது.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. இறக்கையின் நிறம் தெரியாமலே கூடு கறுத்து, ஊசித்துளை தெரிந்தால் சிறு குளவிகள் உள்ளே முட்டையிட்டிருக்கின்றன என்று பொருள். பிள்ளை அழுதால் அழட்டும், உடனே வேறு புழுவைக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். குளவிக்கும் அது குஞ்சு வளர்த்த இடம் என்பதை மறுநாள் சொல்லலாம்.

கூட்டின் வழியே இறக்கையின் கோலம் தெரிந்தால் மறுநாள் காலை பூச்சி வரக்கூடும். பழுப்பும் சிவப்புமாகச் சொட்டும் திரவம் ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மணி நேரமாவது தொடாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். இறக்கையைப் பிடிக்காமல் கால்களுக்கு முன்னால் விரலை நீட்டுங்கள், அதுவாக ஏறும். மழையென்றால் இரவு உள்ளேயே இருக்கட்டும். வெயில் வந்த பிறகு இட்லிப்பூச் செடியில் விடலாம்.