பச்சைப்பிள்ளைக்கு எக்கோ: எங்கே தவறுகிறோம்?

“அஞ்சாம் மாச ஸ்கேன்ல ஒண்ணும் இல்லண்ணுதான் சொன்னாவ சிஸ்டர்.” மார்த்தாண்டம், கருங்கல் பக்கமிருந்து பச்சைப்பிள்ளையோடு வரும் அம்மாமார் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஸ்கேன் பல இதயக் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் நுரையீரல் சிரைகள் (நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள்) இடம் மாறிச் சேர்வது அதில் எளிதாகத் தப்பிவிடும். வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்குப் போகிற ரத்தமே கொஞ்சம்தானே.

பிறந்த பிறகும் இந்தக் கோளாறு ஆளை ஏமாற்றும். மூச்சு வாங்கும், எக்ஸ்ரேயில் நுரையீரல் வெளுத்துத் தெரியும். நிமோனியா என்று மருந்து ஓடும். எக்கோவில், அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனில், நான்கு அறையும் வால்வுகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு புரோபை (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவியை) எடுத்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. வலப்பக்க அறைகள் பெருத்து, மேலறைகளுக்கு நடுவே ரத்தம் வலமிருந்து இடமாகவே பாய்ந்தால் சந்தேகப்பட வேண்டும். நான்கு சிரைகளும் இடது மேலறையில் வந்து சேர்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். வயிற்றின் மேல்பக்கம் புரோபை வைத்து, கல்லீரலை நோக்கி இறங்கும் குழாய் ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

எக்கோ எடுக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. குளிர்ந்த ஜெல் நெஞ்சில் பட்டதும் கையும் காலும் உதறி அழும்; அந்த அழுகையில் படம் கலங்கிப்போகும். அதனால் ஜெல் பாட்டிலை முன்கூட்டியே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைப்பேன். பெரியவர்களுக்கான புரோபிலும் இத்தனூண்டு இதயம் தெளிவாகத் தெரியாது. 8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் புரோப் வேண்டும்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி குறுகிப்போவது இன்னொரு விதம். மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, கருவில் திறந்திருந்த டக்டஸ் குழாய் மூடும்வரை அது மறைந்தே இருக்கலாம். முதல் நாள் எக்கோவை நம்பி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை, சில நாளில் பால் குடிக்காமல், கால் சில்லிட்டுத் திரும்பி வரும். டக்டஸ் மூடிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்; தொடையிடுக்கில் நாடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதயத்தில் இரைச்சல் கேட்கவில்லை, உடம்பு நீலமாகவில்லை என்று எக்கோவைத் தள்ளிப்போடவும் கூடாது. நம் நிறத்தில் நீலம் லேசில் தெரியாது, நாக்கைப் பாருங்கள். வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு எடுங்கள். எங்காவது 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உடனே எக்கோ எடுக்க வேண்டும்.

அப்புறம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பயணம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு 70 கிலோமீட்டர் போல. டக்டஸை நம்பி உயிர் வாழும் பிள்ளைக்குக் கிளம்பும் முன்பே, டக்டஸை மூடவிடாமல் வைக்கும் புரோஸ்டாகிளான்டின் மருந்து சொட்டுசொட்டாக ஓட வேண்டும். அந்த மருந்தால் மூச்சு நின்றுபோகவும் கூடும். அதனால் குழாய் போட்டு மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஆம்புலன்சில் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.