மணநாள் விழாவுக்குச் செல்லும்போது: உறையில் வைப்பதும் கையில் கொடுப்பதும்

கோலாலம்பூரில் ஒரு மணநாள், அதாவது திருமண ஆண்டு நிறைவு விருந்துக்கு அழைப்பு வந்ததும் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு வைப்பது என்பதுதான். அதற்கு முன்பாக விழாவை யார் எடுத்து நடத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்தில் வைக்கும் மொய் இரு குடும்பங்களுக்கிடையே போய்வரும் கணக்கு; நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வைத்ததை நினைவில் கொண்டு, அதற்குக் குறையாமல் நாமும் வைக்கிறோம். 25ஆம், 50ஆம் ஆண்டு மணநாளைப் பெரும்பாலும் பிள்ளைகளே கூடி நடத்துகிறார்கள், தம்பதியரும் புதிதாகக் குடித்தனம் தொடங்கப் போவதில்லை என்பதால், பழைய மொய்க் கணக்கை இங்கே கொண்டுவரத் தேவையில்லை என்பதே என் கருத்து. உணவகத்தில் ஒருவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று விசாரித்து அதற்கு ஈடாக வைப்பதையும் நான் ஏற்பதில்லை. பெற்றோரைப் பெருமைப்படுத்தப் பிள்ளைகள் போடும் சாப்பாட்டுக்கு நாம் விலை கட்டியதுபோல் ஆகிவிடும்.

அழைப்பிதழில் ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ‘அவர்கள் சொல்வார்கள், நாம் வெறுங்கையோடு போக முடியுமா’ என்று உறையை வலிந்து திணிக்கும்போது, உண்மையிலேயே கொடுக்காமல் வந்தவர்கள் கூனிக்குறுக நேர்கிறது. பூவும் பழமும் எடுத்துச் செல்வது போதும்.

பணம் வைப்பதென்றால், நெருக்கத்தையும் வருமானத்தையும் பொறுத்து, மாதக் கடைசியில் கையைக் கடிக்காத தொகையாக இருக்கட்டும். 51, 101, 201 என்று ஒன்று கூட்டி வைப்பதே நம் வழக்கம். ஒரு ரிங்கிட் நாணயம் 2005ஆம் ஆண்டிலேயே செல்லாததாகிவிட்டதால், இங்கே அந்த ஒன்றுக்கு ஒரு ரிங்கிட் தாளைத்தான் சேர்க்கிறோம். கசங்காத தாளாகப் பார்த்து முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒரே வீட்டிலிருந்து செல்பவர்கள் ஓர் உறை வைத்தால் போதும். மணமாகித் தனியே வாழும் மகனும் மகளும் தனி உறை வைப்பதே முறை.

உறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய ‘அங் பாவ்’ எனும் அன்பளிப்புப் பண உறைகள் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். ஆனால் ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்றோ ஒரு வங்கியின் பெயரோ அச்சிட்ட உறையை மணநாளுக்குக் கொடுப்பது கவனக்குறைவாகவே தெரியும். வெறும் வெள்ளை உறை மட்டுமே இருந்தால், ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுங்கள். பின்புறத்தில் முழுப் பெயரையும் ஊரையும் எழுதுவது மிக முக்கியம். விருந்து முடிந்த இரவில் மூத்த மகள் கட்டிலில் உறைகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பயிற்சிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருப்பாள். அதில் ‘அன்புடன் மாமா, அத்தை’ என்று மட்டும் எழுதிய உறை வந்தால், எந்த மாமா என்று அவள் யாரிடம் கேட்பாள்? ‘செந்தூல்’ என்றோ ‘கிள்ளான்’ என்றோ ஒரு சொல் சேர்த்தால் அந்தத் திண்டாட்டம் இல்லை.

அறுபதாம் கல்யாணத்திலும் பொன்விழாவிலும் இன்னொரு நுட்பம் உண்டு. பெரியவர்கள் ஆசீர்வதித்து இளையவர்களுக்குப் பணம் கொடுப்பதே நம்மிடம் இயல்பானது. இளையவர் பெரியவர் கையில் நேராகப் பணத்தை வைப்பது சிலருக்குக் கூச்சத்தைத் தரும். ஆகவே வயதில் சிறியவர்கள் வேட்டி, சேலையைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்து இரு கைகளாலும் கொடுத்து, விழுந்து வணங்குவது சிறப்பு. பணமும் கொடுக்க விரும்பினால் உறையை அந்தத் தட்டிலேயே வைத்துவிடலாம். கறுப்புச் சேலையைத் தவிர்ப்பது நல்லது.

பொருளாகக் கொடுப்பவர்கள், வெள்ளிவிழாவுக்குக் குங்குமச்சிமிழ் அல்லது சிறிய வெள்ளி விளக்கு, பொன்விழாவுக்குத் தங்கக்காசு என்று தேர்ந்தெடுக்கலாம். அலுவலக நண்பர்களோ உறவினர்களோ சிலர் சேர்ந்து மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரே பொருளாக வாங்குவது, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். நகையானால் 916 முத்திரையைப் பார்த்து வாங்கி, ரசீதை விலை தெரியாதபடி தனி உறையில் ஒட்டிக் கொடுங்கள். பின்னர் அளவு மாற்ற வேண்டியிருந்தால் அது உதவும். தம்பதியரின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுப்பது அருமையான அன்பளிப்புதான். ஆனால் அலங்காரம் என்று நினைத்து அந்தச் சட்டத்தின்மேல் சந்தன மாலையையோ பூமாலையையோ தொங்கவிட்டுவிடாதீர்கள். நம்மவர் வீடுகளில் மாலையிட்ட படம் எதைக் குறிக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சீன நண்பர் வீட்டு மணநாளுக்கு நம் வழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஒன்று கூட்டி வைக்கும் ஒற்றைப்படைத் தொகை அவர்களிடம் துக்க வீட்டுக்கு உரியது. ஆகவே இரட்டைப்படையாக, நான்கு என்ற எண் வராமல், சிவப்பு உறையில் வையுங்கள். வெள்ளை உறையும் கடிகாரமும் வேண்டவே வேண்டாம். மலாய் நண்பர் என்றால் தொகையில் இத்தகைய கட்டுப்பாடு இல்லை. விடைபெறும்போது சலாம் சொல்லிக் கைகொடுக்கையில் உறையைச் சேர்த்துக் கொடுக்கலாம். தின்பண்டக் கூடை வாங்கினால் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வர இயலாதவர்கள் டூயிட்நவ் (DuitNow) எனும் உடனடி வங்கிப் பணமாற்றச் சேவை வழியாகப் பணம் அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் முதலில் தம்பதியரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டு, பிறகு அனுப்புங்கள். தம் வீட்டில் துக்கம் நேர்ந்து தீட்டு இருப்பவர்கள் பிறர் கையில் உறை கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. காரியம் முடிந்தபின் ஒரு மாலையில் வீட்டுக்கே சென்று கொடுத்தால், தாமதத்தை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.