இருளர் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு: உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போகும் தன்னார்வலர்கள் கையில் பெரும்பாலும் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். தயவுசெய்து அதை விடுங்கள். சின்ன வயிறு சர்க்கரையிலும் மைதாவிலும் நிறைந்துவிட்டால் அடுத்த வேளைச் சோற்றைக் குழந்தை தொடாது.

கண்ணால் பார்த்து எடைபோடுவது அடுத்த தவறு. நான்கு வயதுப் பிள்ளை இரண்டு வயது உயரத்தில் இருந்தால் 'நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வயதை உறுதி செய்யுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது மேல்கையின் சுற்றளவை அளக்கலாம். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது, டேப் சதையை இறுக்காமல் அளக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு; 12.5க்குள் என்றால் மிதமானது. இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். இதைக் கொழுகொழுப்பு என்று நினைத்து விட்டுவிடுவதுதான் மிக ஆபத்தானது.

கடுமையாக மெலிந்த குழந்தைக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டுவதும் கூடாது. பட்டினியில் சுருங்கிப்போன உடலின் இதயமும் சிறுநீரகமும் அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்காது. மருத்துவமனையிலேயே எஃப்-75 என்ற பால் கலவையை இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொடங்குவார்கள். இரும்புச் சத்து மருந்தையும் ஆரம்பத்தில் தரமாட்டார்கள். வீக்கம், காய்ச்சல், ஓயாத வாந்தி, சாப்பிட மறுப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. கை அளவு மட்டும் குறைவு என்றால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம்.

வீட்டுச் சாப்பாட்டில் பெரிய தவறு தண்ணிக் கஞ்சி. வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் குழைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். அதிலேயே சுமார் 40 கலோரி கிடைக்கும். ஆறு மாதம் முடிந்ததும் வேளைக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் 250 மி.லி. கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை கூட்டலாம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலும் தொடரட்டும்.

நண்டு, நத்தை, சிறு மீன், வயல் எலி என்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்த வீட்டின் புரதமே அதுதான். நன்றாக வேகவைத்து, முள்ளும் ஓடும் நீக்கி, மசித்துக் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

செங்கல் சூளை வேலைக்கு வெளியூருக்குக் குடும்பம் போகும்போது கண்காணிப்பு அறுந்துவிடுகிறது. கிளம்புமுன் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்து, போகும் ஊரை அங்கன்வாடி ஊழியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். சூளைக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் பெயரைப் பதிந்தால் சத்துமாவு அங்கேயே கிடைக்கும்.